முதல் வருஷ கெமிஸ்ட்ரி லேப்: மூணு ரீடிங்கும் ஒண்ணா வந்தா சந்தேகம் தான் வரும்

ஒவ்வொரு வருஷமும் புது பேட்ச் லேபுக்குள்ள வரும், நாங்க படிச்சப்போ அடிச்ச அதே கூத்த அப்படியே அடிக்கும். கோட் போடு, வாயால பிப்பெட் உறிஞ்சாத, ஆசிட்ல தண்ணிய ஊத்தாத, இதெல்லாம் முதல் நாளே சொல்லிருவாங்க, அதனால இங்க எழுதல. சொல்லியும் காதுல ஏறாத சமாச்சாரம் மட்டும் தான் இது. நம்ம ஊரு ஆர்ட்ஸ் காலேஜ் பி.எஸ்சி கெமிஸ்ட்ரி, அலைடு கெமிஸ்ட்ரி எடுத்த ஃபிசிக்ஸ், பாட்டனி, ஜுவாலஜி பிள்ளைங்க எல்லாரும் படிக்கலாம்.

"ஃபீஸ் கட்டிக்கலாம்டா"

75 சதவீதம் அட்டென்டன்ஸ் வேணும்னு எல்லாருக்கும் தெரியும். கொஞ்சம் குறைஞ்சா பல யுனிவர்சிட்டில காண்டோனேஷன் ஃபீஸ் கட்டிட்டு பரீட்சை எழுதலாம், அது சீனியருங்க சொல்லிக் குடுத்துருவாங்க. அவங்க சொல்லாதது ஒண்ணு இருக்கு. தியரி கிளாஸ கட் அடிச்சா சதவீதம் தான் போகும், லேப கட் அடிச்சா அந்த எக்ஸ்பெரிமென்ட்டே போயிரும். எக்ஸ்பெரிமென்ட் இல்லன்னா ரெக்கார்டு முடியாது, ரெக்கார்டு முடியலன்னா வேலையெல்லாம் இவரே பண்ணாருன்னு சொல்ற போனஃபைடு பேஜ்ல ஹெச்.ஓ.டி சைன் போட மாட்டார், அந்த சைன் இல்லாம பிராக்டிகல் எக்ஸாமுக்கு உள்ள விட மாட்டாங்க. இதுக்கு ஃபீஸ் கிடையாது.

அப்சர்வேஷன் நோட்டு

லேப்ல ரீடிங் எழுதுற நோட்டு இது, அன்னைக்கே சைன் வாங்குங்க. செமஸ்டர் கடைசில மொத்தமா கொண்டுவந்து நீட்டாதீங்க.

ரீடிங்க அட்ஜஸ்ட் பண்றது

இத எழுதத்தான் உக்காந்தேன். எத்தன பேட்ச் வந்தாலும் இதப் பாத்தா மட்டும் எனக்கு இன்னும் சுர்ருன்னு ஏறும்.

டைட்ரேஷன்னா, பிப்பெட்ல அளந்து கோனிக்கல் ஃப்ளாஸ்க்ல விட்ட ஒரு சொல்யூஷனுக்கு, ப்யூரெட்டுன்னு அளவு கோடு போட்ட நீளக் குழாய்ல இருந்து இன்னொண்ண சொட்டு சொட்டா விட்டு, ரியாக்‌ஷன் முடிய எத்தன மில்லி ஆச்சுன்னு பாக்குறது. அதுல கன்கார்டன்ட் வேல்யூ வரணும், அதாவது ரெண்டு ரீடிங்காவது 0.1 மில்லிக்குள்ள ஒத்துப் போகணும். ஒத்துப் போற வரைக்கும் திரும்பப் போடணும்னு தான் அதுக்கு அர்த்தம், ஆனா பிள்ளைங்க புரிஞ்சுக்கிறது ஒத்துப் போற மாதிரி எழுதணும்னு. ஒரு தம்பி நோட்டு ஞாபகம் இருக்கு. முதல் ரீடிங் 0ல இருந்து 17.1, அடுத்தது 17.1ல இருந்து 34.2, மூணாவது 34.2ல இருந்து 51.3. மூணுமே 17.1, கண்ணுல ஒத்திக்கலாம் போல இருந்துச்சு. ப்யூரெட்டு 50ல முடிஞ்சிருதேப்பா, 51.3 எங்க பாத்தேன்னு கேட்டேன். "சார் மூணாவதும் அதே தான சார் வரும்"ங்குறான்!

அவன் பரவால்ல, மாட்டிக்கிட்டு சிரிச்சான். அத விட மோசம் ஒரு மாடல் பிராக்டிகல்ல நடந்துச்சு. ஒரு பொண்ணுக்கு 17.6, 18.1, 18.5னு வரிசையா ஏறிட்டே போயிருக்கு. அது பயந்துபோயி பின்னால ரெண்டையும் ரப்பர் வெச்சு அழிச்சிட்டு மூணுலயும் 17.6 எழுதிருச்சு. கணக்கு போட்டுப் பாத்தா 5 சதவீதத்துக்கும் மேல தப்பு. இத்தனைக்கும் அந்த ரீடிங் என்ன தப்புன்னு அப்படியே சொல்லுது, கேக்கத்தான் ஆள் இல்ல. நாங்க 100 மில்லி ஸ்டாண்டர்டு ஃப்ளாஸ்க்ல அன்னோன் சொல்யூஷன, அதாவது எவ்வளவு இருக்குன்னு நீங்க கண்டுபிடிக்க வேண்டியத, விட்டுக் குடுப்போம், நீங்க டிஸ்டில்டு வாட்டர் ஊத்தி கோடு வரைக்கும் மேக்கப் பண்ணணும், பண்ணிட்டு மூடிய போட்டு தலகீழா கவுத்துக் கவுத்து நல்லா கலக்கணும். இந்தப் பொண்ணு கலக்கல. அதனால மேல இருந்த தண்ணியான சொல்யூஷன் முதல்ல வந்துச்சு, அடியில இருந்த கெட்டியானது பின்னால வந்துச்சு, ரீடிங் ஏறாம என்ன பண்ணும்? அழிக்காம என்கிட்ட கொண்டுவந்து காட்டியிருந்தா, மாடல் எக்ஸாம் தான, வேற ஃப்ளாஸ்க் குடுத்து திரும்பப் பண்ணச் சொல்லிருப்பேன்.

ஒத்து வராத ரீடிங்குக்கு ஒரு காரணம் இருந்தே தீரும். ப்யூரெட் குழாய்க்கு கீழ நுனியில காத்துக் குமிழி மாட்டிருக்கும், நடுவுல அது வெளிய போனா ரீடிங் கூடிரும். மேல வெச்ச ஃபனல எடுக்காம விட்டிருப்பீங்க, சொட்டு சொட்டா உள்ள விழுந்துட்டே இருக்கும். கோனிக்கல் ஃப்ளாஸ்க்க டிஸ்டில்டு வாட்டர்ல கழுவாம பிப்பெட் பண்ற அதே சொல்யூஷன்ல கழுவியிருப்பீங்க, ப்யூரெட்டத்தான் சொல்யூஷன்ல ரின்ஸ் பண்ணணும், கோனிக்கல பண்ணக் கூடாது, இது மாறிப்போகாத வருஷமே இல்ல. பர்மாங்கனேட் அடர் ஊதா கலர்ல இருக்கும், அதுக்கு ப்யூரெட்ல வளைஞ்சு நிக்குற மட்டத்தோட மேல் விளிம்பப் பாக்கணும், ஒரு தடவ மேல ஒரு தடவ கீழன்னு பாத்தா எப்படி ஒத்துவரும்? அழிச்சிட்டீங்கன்னா இதுல எதுன்னு உங்களுக்கும் தெரியாது, கூட நின்னு சொல்லித்தர்ற எனக்கும் தெரியாது.

பக்கத்து டேபிள் வேல்யூவ பாத்து எழுதுறதும் இதே கதை தான். யுனிவர்சிட்டி பிராக்டிகல்ல ஆளாளுக்கு வேற வேற அளவு விட்டுத்தான் ஃப்ளாஸ்க் வரும், எந்த நம்பருக்கு எவ்வளவுன்னு எக்ஸாமினர் கைல லிஸ்ட் இருக்கும். ஃப்ரெண்டு வேல்யூ ஃப்ரெண்டுக்கு மட்டும் தான் ரைட்டு. 20 மில்லில 0.2 மாறினாலே 1 சதவீதம், சதவீதம் ஏற ஏற மார்க் இறங்கும்.

தப்பா வந்த ரீடிங்க அழிக்காதீங்க, ஒரே ஒரு கோடு போட்டு அடிச்சிட்டு கீழ புதுசு எழுதுங்க. அதுக்கு எந்த சாரும் திட்ட மாட்டார். அப்படி திட்டினா தப்பு அவர் மேல தான்.

மேக்கப்ல கோட்டத் தாண்டினா

பிப்பெட்ல உறிஞ்சி எடுத்து சரி பண்ண முடியாது. அன்னோனும் சேந்து தான் வெளிய வரும்.

ஆக்சாலிக் ஆசிட சூடு பண்ணாம பர்மாங்கனேட் விடுறது

60, 70 டிகிரி சூடு இருக்கணும். ஆறிப்போனதுல முதல் சொட்டு விழுந்ததும் பிங்க் அப்படியே நிக்கும், ரியாக்‌ஷன் ஆரம்பத்துல அவ்வளவு மெதுவா நடக்கும், அதப் பாத்துட்டு எண்ட் பாயிண்ட் (ரியாக்‌ஷன் முடிஞ்ச இடம்) வந்திருச்சு சார்னு 0.3 மில்லில கை தூக்குறவங்க இருக்காங்க. ப்ரவுனா கலங்குச்சுன்னா டைல்யூட் சல்ஃப்யூரிக் ஆசிட் பத்தல. சல்ஃப்யூரிக் இல்லையேன்னு ஹைட்ரோகுளோரிக்க ஊத்தாதீங்க, பர்மாங்கனேட் அதுல இருக்குற குளோரைடயும் சேத்து ஆக்சிடைஸ் பண்ணும், ரீடிங் கூடிப் போகும்.

நார்மாலிட்டிக்கும் மோலாரிட்டிக்கும் குழப்பம்

M, அதாவது மோலாரிட்டின்னா லிட்டருக்கு எத்தன மோல், N, அதாவது நார்மாலிட்டின்னா லிட்டருக்கு எத்தன ஈக்விவலன்ட். ப்ளஸ் டூல V1N1 = V2N2 (V-னா மில்லி அளவு) மனப்பாடம் பண்ணிட்டு வந்து, புக்ல M பாத்தா அதுலயே தூக்கிப் போடுறாங்க. 0.1 N பர்மாங்கனேட்டுன்னா ஆசிட் மீடியத்துல 0.02 M, ஏன்னா அஞ்சு எலக்ட்ரான் வாங்குது. 0.1 N ஆக்சாலிக்னா 0.05 M, லிட்டருக்கு 6.3 கிராம். வைவால, அதாவது வாய்மொழித் தேர்வுல, எக்ஸ்டெர்னல் எக்ஸாமினர் ஆசையா கேக்குற கேள்வி இது, ஏன் அஞ்சுன்னு ரியாக்‌ஷன் எழுதிக் காட்டத் தெரியணும்.

கால்குலேட்டர்

சொந்தமா ஒண்ணு வாங்குங்க. எக்ஸாம்ல போன் எடுக்க விட மாட்டாங்க, பக்கத்துல இருக்குறவங்களும் கணக்கு தான் போட்டுட்டு இருப்பாங்க.