சோலார் ஹீட்டரில் சுடுதண்ணி வரலையா? பைப்பைப் பாருங்க

கோயமுத்தூர், திருப்பூர் மொட்டைமாடியில் வெயிலுக்கு என்ன பஞ்சம்? குழாயில் வெதுவெதுன்னுதான் வந்தால், முதலில் பைப் மாறியிருக்கான்னு பாருங்க. மேல்தொட்டியிலிருந்து வரும் பச்சைத்தண்ணி ஹீட்டர் டேங்கின் அடியில் நுழையணும். சுடுதண்ணி மேல்பக்கத் துளையில் வெளியேறணும். மாறினால் அடியில் கிடக்கும் ஆறின தண்ணிதான் இறங்கும்.

அது சரியா? ஹீட்டருக்குப் போகும் பச்சைத்தண்ணி வால்வை மூடி, சுடுதண்ணிக் குழாயைத் திறங்க. பைப்பில் மிச்சமிருப்பது வடிந்து நிற்கணும். நிற்காமல் கொட்டினால், ஏதோ ஒரு பாத்ரூம் மிக்ஸரில் (சுடுதண்ணியும் பச்சைத்தண்ணியும் சேர்ந்து வரும் குழாய்) இரண்டு லைனும் கலக்குது. ஹெல்த் ஃபாசெட்டை (டாய்லெட் கை ஸ்ப்ரே) மிக்ஸரில் மாட்டி, மிக்ஸரை மூடாமல் ஸ்ப்ரே பிடியில் மட்டும் அடைக்கும் வீடுகளில் இது சகஜம். அந்த மிக்ஸரின் சுடுதண்ணி லைனில் நான்-ரிட்டர்ன் வால்வு (தண்ணியை ஒரே திசையில் மட்டும் விடும் வால்வு) போடுங்க.

சுடுதண்ணிக்கு சூடு தாங்கும் சிபிவிசி பிளாஸ்டிக் பைப்தான். சாதா பிவிசி சூட்டில் வளைந்து, வளைவில் காற்று அடைக்கும்.