குழந்தையின் இரத்தச்சோகை: பரிசோதனைத் தாளை எப்படிப் படிப்பது?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களின் அரசாங்கக் கிளினிக்கில் தாளை வாங்கியதும் நம் கண், ஆக்சிஜனைச் சுமக்கும் சிவப்பணுப் புரதமான ஹீமோகுளோபினுக்கே ஓடுகிறது. 2 முதல் 4 வயதுக் குழந்தைக்கு அது டெசிலிட்டருக்கு 11 கிராமுக்குக் கீழே இருந்தால் சோகை உண்டு, ஆனால் காரணத்தை அந்த எண் சொல்லாது.

காரணத்தைத் தேட, சிவப்பணுவின் சராசரிப் பருமனான எம்சிவியைப் பாருங்கள். அது குறைந்திருந்தால் இரும்புச்சத்துக் குறைவையும், ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரைக் கோளாறான தலசீமியாவையும் முதலில் எண்ண வேண்டும். எம்சிவியை, மில்லியனில் தரப்படும் சிவப்பணு எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள்: 66ஐ 4.1ஆல் வகுத்தால் ஏறத்தாழ 16; இது 13க்கு மேல் என்பதால் இரும்புக் குறைவின் பக்கம் சாய்கிறது. 62ஐ 5.6ஆல் வகுத்தால் 11; இது 13க்குக் கீழ் என்பதால் தலசீமியாவின் பக்கம் சாய்கிறது. அணுக்கள் சிறுத்தும் எண்ணிக்கை குறையாதது தலசீமியாக் கடத்திகளின் (அதன் மரபணுவைச் சுமப்போரின்) இயல்பு. இது குறிப்பு மட்டுமே, தீர்ப்பன்று. இரண்டும் ஒரே குழந்தையிடம் இருக்கலாம்.

ஐந்து வயதுக்குட்பட்டோரிடம், இரும்பைச் சேமிக்கும் புரதமான ஃபெரிட்டின் லிட்டருக்கு 12 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் இரும்புக் கையிருப்பு தீர்ந்துவிட்டது எனலாம். காய்ச்சலின்போது ஃபெரிட்டின் பொய்யாக உயர்வதால், சளி பிடித்த வாரத்தில் எடுத்த முடிவை நான் நம்பமாட்டேன்.

ஹீமோகுளோபினின் ஒரு வகையான ஹீமோகுளோபின் ஏ2 அளவு 3.5 விழுக்காட்டைத் தாண்டினால் பீட்டா தலசீமியாக் கூறு, அதாவது கடத்தி நிலை, என்று ஐயுற வேண்டும். இரும்புக் குறைவு அவ்வளவைத் தாழ்த்திக் காட்டக்கூடும் என்பதால், குறைவைச் சரிசெய்த பின் மீண்டும் சோதிப்பது நல்லது. ஆல்ஃபா வகைக் கடத்திகளிடம் ஏ2 உயராது. மரபணுச் சோதனையே வழி. ஆகவே, ஃபெரிட்டின் பாராமல் மாதக்கணக்கில் இரும்பு டானிக் கொடுக்க வேண்டாம்.

எம்சிவி கூடியிருந்தால் பி12, ஃபோலேட் அளவுகளையும், ஈசினோஃபில் என்ற வெள்ளணு வகை உயர்ந்திருந்தால் கொக்கிப்புழுவுக்காக மலத்தையும் சோதிக்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள்.