ஆல்ட்கெல்டைப் பற்றி எழுதும்போது சறுக்கும் இடங்கள்

மே மாதம் பிறந்தால் சிகாகோ ஹே மார்க்கெட் கதையும் வந்துவிடும்: தொழிலாளர் கூட்டத்தில் குண்டு வெடித்ததும், அதற்காக எட்டுப் பேர் தண்டிக்கப்பட்டதும். அதன் கடைசிப் பத்தியில் ‘கருணையுள்ள ஆளுநர் ஆல்ட்கெல்ட்’ தலைகாட்டுவார். பிழைகளும் அங்கேதான் வரிசைகட்டும்.

முதல் வம்பு ‘ஆளுநர்’ என்ற சொல்தான். நமக்கு ஆளுநர் என்றால் டெல்லி அனுப்பிவைப்பவர். ஜான் பீட்டர் ஆல்ட்கெல்டோ 1892 தேர்தலில் இல்லினாய் மக்கள் ஓட்டுப்போட்டு வென்றவர். அதிகாரத்தில் நம் முதல்வருக்கு நெருக்கம். இதைச் சொல்லாமல் விட்டால் 1894 புல்மன் ரயில் வேலைநிறுத்தம் தலைகீழாகப் புரியும். அவர் கேட்காமலே ஜனாதிபதி கிளீவ்லண்ட் மத்தியப் படையைச் சிகாகோவில் இறக்கினார். எங்கள் மாநிலப் படை இருக்கிறது, உங்களை யார் கூப்பிட்டது என்ற தோரணையில் ஆல்ட்கெல்ட் எதிர்ப்புத் தெரிவித்தார். இத்தனைக்கும் இருவரும் ஒரே கட்சி, ஜனநாயகக் கட்சி.

தேதிகளிலும் கவனம் வேண்டும். குண்டு வெடித்தது மே 1 அல்ல, 1886 மே 4. நால்வரைத் தூக்கிலிட்டது 1887 நவம்பர் 11. அதற்கு முந்தைய நாள், தூக்குக்குக் காத்திருந்த இன்னொருவர் லூயிஸ் லிங் சிறையிலேயே இறந்துபோனார். அப்போது ஆல்ட்கெல்ட் ஆளுநரே அல்ல, சிகாகோ இருக்கும் குக் கவுண்டியில் (மாவட்டம் மாதிரி) நீதிபதி. ‘எல்லோரையும் காப்பாற்றினார்’ என்று எழுதுவது அபத்தம். 1893 ஜூன் 26 அன்று அவர் விடுவித்தது உயிரோடு மிஞ்சிய மூவரை: ஃபீல்டன், நீபி, ஷ்வாப்.

ஆனால் பெரிய பிழை ‘கருணை’தான். நியாயமாக விசாரித்துக் குற்றம் மெய்ப்பிக்கப்பட்டிருந்தால் நான் தலையிட மாட்டேன் என்றுதான் தன் ஆணையிலேயே எழுதினார். அவர் கேட்டது வேறு கேள்வி. ஜூரிகளைக் குலுக்கலில் எடுக்காமல் ஒரு நீதிமன்ற ஊழியர் தன் இஷ்டத்துக்குப் பொறுக்கினார். குண்டு வீசியவன் யாரென்றே தெரியவில்லை. வழக்கை விசாரித்த நீதிபதி கேரி ஒருபக்கம் சாய்ந்திருந்தார். ஆக, தண்டனை செல்லாது. இரக்கப்பட்டு விட்டிருந்தால் பலர் பேசாமல் இருந்திருப்பார்கள். நீதிமன்றத்தையே குற்றவாளி ஆக்கியதுதான் பத்திரிகைகளைக் கொதிக்கவைத்தது.

ஆணையை ஜோலியட் சிறைக்குக் கொண்டுபோனவர் டிரேயர் என்ற வங்கிக்காரர். அந்த எட்டுப் பேர் மீது குற்றம் சாட்டிய கிராண்ட் ஜூரியில் (வழக்குத் தொடரலாமா என்று முடிவுசெய்யும் குடிமக்கள் குழு) இருந்தவர். பிறகு மனம் மாறி அவர்கள் விடுதலைக்காக அலைந்தவர். காகிதம் கைக்கு வந்ததும் கண் கலங்கிவிட்டார்.

‘இந்த மன்னிப்பு மட்டும் இல்லையென்றால் ஜனாதிபதி ஆகியிருப்பார்’ என்பதும் வெறும் பேச்சு. அவர் பிறந்தது ஜெர்மனியில். சட்டப்படி வழியே இல்லை. 1896 ஆளுநர் தேர்தலில் அவர் தோற்றதற்கு மன்னிப்பை மட்டும் காரணம் காட்டாதீர்கள். அந்த ஆண்டு ஜனாதிபதி தேர்தலில் வீசிய மெக்கின்லி அலையில் இல்லினாயே குடியரசுக் கட்சி பக்கம் போனது.

சிகாகோவில் கட்டிய யூனிட்டி கட்டடத்தில் சொத்தைக் கரைத்துவிட்டு, கடைசியில் பிரபல வழக்கறிஞர் கிளாரன்ஸ் டேரோவின் சட்ட அலுவலகத்தில் சேர்ந்து உழைத்தார். 1902 மார்ச்சில், தென்னாப்பிரிக்காவில் பிரிட்டனோடு போரிட்டுக்கொண்டிருந்த போயர் மக்களுக்காகப் பேசிய மேடையில் சுருண்டு விழுந்தார். சில மணி நேரத்தில் உயிர் பிரிந்தது. ஊர், அதே ஜோலியட்.