மலையடிவாரத்துச் சின்ன ஒயின் பண்ணைக்குப் போகும் முன்

குடும்பமே நடத்தும் ஒயின் பண்ணையில் வரவேற்பாளர் என்று தனியாக ஆள் இருக்கமாட்டார். கிளாஸில் ஊற்றித் தருபவர்தான் காலையில் கொடிக்கு மருந்தடித்தவர், ராத்திரி தொட்டி கழுவப் போகிறவரும் அவரே. அதனால் சொல்லாமல் போய் நிற்காதீர்கள். ஒரு வாரம் முன்பே கூப்பிட்டு எத்தனை பேர், எத்தனை மணிக்கு, குழந்தைகள் உண்டா என்று சொல்லிவிடுங்கள். ஆறு பேருக்கு மேல் வேண்டாம். பீப்பாய்களுக்கு நடுவில் நிற்க இடம் போதாது.

அறுவடை நேரம் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் யாருக்கும் பேச நேரமிருக்காது. வட அரைக்கோளத்தில் அது பெரும்பாலும் ஆகஸ்ட் கடைசியிலிருந்து அக்டோபர் வரை, தெற்கே பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை. 100 மீட்டர் ஏறினால் சுமார் 0.6 டிகிரி குளிர்வதால், மலைப்பக்கத்தில் பழம் சமவெளியைவிடத் தாமதமாகவே பழுக்கும். தேதியை அவர்களிடமே கேளுங்கள்.

சென்ட் போடாதீர்கள். ஒருவர் போட்டால் அறையிலுள்ள எல்லாருக்கும் ஒயினின் வாசனை போச்சு. நிலவறை 12 முதல் 14 டிகிரியில் இருக்கும், தரையும் ஈரம். வெளியே வெயில் கொளுத்தினாலும் ஒரு ஸ்வெட்டரும் வழுக்காத ஷூவும் வேண்டும்.

முதலில் தோட்டத்தைக் காட்டச் சொல்லுங்கள். ராத்திரியில் குளிர்ந்த காற்று சரிவில் இறங்கி அடியில் தேங்கும். வசந்தத்தில் உறைபனி வந்தால் கீழ் வரிசைத் துளிர்கள்தான் முதலில் கருகும். பகல் வெயிலில் சர்க்கரை ஏறும், குளிர்ந்த இரவில் புளிப்பு குறையாமல் நிற்கும். மேல் வரிசைப் பழத்தையும் கீழ் வரிசைப் பழத்தையும் தனித்தனியாக நொதிக்க விடுகிறீர்களா என்று கேட்டுப் பாருங்கள். "உங்கள் ஒயினில் எது சிறந்தது?" என்பதைவிட இந்தக் கேள்விக்கு நீளமான பதில் வரும்.

நொதிக்கும் அறைக்குள் அவர்கள் கூட்டிப்போனால் மட்டும் நுழையுங்கள். ஒரு லிட்டர் சாறு நொதிக்கையில் 40 லிட்டருக்கும் மேல் கரியமில வாயு வெளிவரும். காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். கண்ணுக்குத் தெரியாது, ஆளையே சாய்த்துவிடும். குழந்தைகளை உள்ளே விடவே வேண்டாம். தொட்டிக்குள் தலையை நீட்டிப் பார்க்கவும் கூடாது.

ருசி பார்க்கும் வரிசை: நுரை ஒயின், வெள்ளை, ரோஸ், சிவப்பு, கடைசியில் இனிப்பு. ஒரு ஊற்று 30 மில்லி என்றால் ஆறு வகைக்கு 180 மில்லி, கிட்டத்தட்ட கால் பாட்டில். துப்புவதற்குப் பாத்திரம் வைத்திருப்பார்கள், கூசாமல் துப்புங்கள்; யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். ஆனால் துப்பினாலும் கொஞ்சம் உடம்பில் ஏறத்தான் செய்யும். வளைந்து வளைந்து இறங்கும் மலைப்பாதையில் வண்டி ஓட்டுபவர் தொடவே கூடாது.

நிலவறைக் குளிரிலேயே ஊற்றிய சிவப்பு ஒயினில் வாசனை அடங்கி, துவர்ப்பு மட்டும் முன்னால் நிற்கும். உடனே பிடிக்கவில்லை என்று வைத்துவிடாதீர்கள். கிளாஸின் வயிற்றை இரு உள்ளங்கையாலும் பொத்தி மூன்று நான்கு நிமிடம் வைத்திருந்து, சுழற்றி மறுபடி முகருங்கள். பீப்பாயிலிருந்து கண்ணாடிக் குழாயால் எடுத்துத் தந்தால் அது இன்னும் தயாராகாத ஒயின். கரடுமுரடாக இருப்பது இயல்பு. மிச்சத்தை நீங்களாகப் பீப்பாய்க்குள் ஊற்றாதீர்கள்.

நனைந்த அட்டைப்பெட்டி வாடை வந்தால் கார்க் கெட்டிருக்கிறது. மெதுவாகச் சொல்லுங்கள், வேறு பாட்டில் திறப்பார்கள். நெயில் பாலிஷ் ரிமூவர் போலக் காந்தினால் ஒயின் வினிகர் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது. லேசான அழுகிய முட்டை வாடை பல நேரம் சுழற்றினாலே போய்விடும். அடியில் கண்ணாடித் தூள் மாதிரி படிந்திருந்தால் அது குளிரில் உறைந்த டார்டாரிக் உப்பு. குறை இல்லை, குடிக்கலாம்.

இவ்வளவு நேரம் ஒதுக்கியவர்களிடம் ஒரு பாட்டிலாவது வாங்குவதுதான் முறை. கடைகளுக்குப் போகாமல் அங்கேயே விற்றுத் தீர்வது எது என்று கேட்டு அதை வாங்குங்கள். கையில் ரொக்கம் இருக்கட்டும்; மலைப்பக்கம் கார்டு மெஷினுக்கு சிக்னல் கிடைப்பது அன்றன்றைய அதிர்ஷ்டம். வாங்கியதை டிக்கியில் போட்டு வெயிலில் வண்டியை நிறுத்தாதீர்கள்: உள்ளே சூடேறினால் ஒயின் விரிந்து கார்க்கைத் தள்ளும், கழுத்தோரம் பிசுபிசுவென்று கசியும், காற்றும் உள்ளே நுழையும். தெர்மோகோல் பெட்டியில் வைத்து, ஏசி வரும் இருக்கைப் பக்கம் வையுங்கள். வீட்டுக்கு வந்ததும் கார்க் போட்ட பாட்டில்களைப் படுக்கவைத்து, ஒரு வாரம் கழித்துத் திறக்கலாம்.