புதுச்சேரியில் சிலை பார்ப்பது எப்படி: ஒரு காலைப்பொழுதுக்கான வழி

பீச் ரோட்டில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கிற கல்தூண்கள் காந்திக்காக நட்டவை இல்லை. அவர் அங்கே வருவதற்கு ஏறக்குறைய நூறு வருடம் முன்னாலேயே பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயின் சிலையைச் சுற்றி நின்றவை, அதற்கும் முன்னால் செஞ்சிப் பக்கம் ஏதோ ஒரு கோயிலிலோ மண்டபத்திலோ கூரை தாங்கியவை என்பார்கள். பழைய பிரெஞ்சுக் காலத்துத் தபால் அட்டைப் படங்கள் கிடைத்தால் பாருங்கள், அதே தூண்கள், நடுவில் வேறு ஆள். இந்த ஊரில் சிலை பார்க்கிற விதமே இதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். முகத்தைப் பார்த்ததும் நகர்ந்துவிடாமல், இவர் முன்னாடி எங்கே நின்றார், இந்த இடத்தில் முன்னாடி யார் நின்றார் என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், அரை நாள் போவதே தெரியாது.

நான் இங்கே கைடாக இருக்கிறேன். கடலூர், விழுப்புரம், சென்னைக் குடும்பங்கள்தான் என்னிடம் அதிகம் வரும். சொந்தக்காரர்களை நீங்களே கூட்டிக்கொண்டு சுற்றுவதாக இருந்தாலும் இந்த வழி உதவும்.

முதலில் நேரம். சாயங்காலம் 6 மணியிலிருந்து மறுநாள் காலை 7.30 வரை பீச் ரோட்டில் வண்டி விடமாட்டார்கள். அதனால் காலை 6 மணிக்கு அங்கே கால் வைத்துவிடுங்கள். கடலூரிலிருந்து வருகிறவர்கள் விடியற்காலை பஸ் பிடித்தால் ஒரு மணி நேரம், கொஞ்சம் கூடக் குறைய. பத்து மணிக்கு மேல் அந்தச் சாலையில் நிழல் என்று ஒன்று கிடையாது. சித்திரை, வைகாசியில் மதியம் இரண்டு மணிக்கு ஒரு குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போய், பாட்டி செருப்பைக் கழற்றிவிட்டு காந்தி சிலைப் படியில் கால் வைத்துத் துள்ளியது இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதற்கப்புறம் அந்தத் தப்பைச் செய்ததில்லை.

நடக்க ஆரம்பிப்பதற்கு முன்னால் ஒரு கதை சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் பாதி விஷயம் புரியாது. கடலூர் தேவனாம்பட்டினத்தில் ஆங்கிலேயர்களின் செயின்ட் டேவிட் கோட்டை இருந்தது இல்லையா, அதை 1758-ல் லாலி தலைமையில் பிரெஞ்சுப் படை பிடித்து இடித்துத் தள்ளியது. மூன்று வருடம் கழித்து, 1761 ஜனவரியில், புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் விழுந்தது. அவர்கள் சும்மா இருப்பார்களா? கோட்டை, கவர்னர் மாளிகை எல்லாவற்றையும் தரைமட்டமாக்கினார்கள். அதனால்தான் வெள்ளை டவுனில், அதாவது கடலோரப் பிரெஞ்சுப் பகுதியில், நீங்கள் பார்க்கிற கட்டடங்கள் அநேகமாக எல்லாமே அந்த இடிப்புக்கு அப்புறம் கட்டியவை. கடலூர்க்காரர்கள் வந்தால் இதைச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் குரலை ஏற்றுவேன், "சண்டையை ஆரம்பித்தது உங்க ஊர்ல" என்று. உடனே யாராவது ஒருவர் மல்லுக்கு நிற்பார், அப்புறம் நாள் முழுக்கக் கூட்டம் தூங்காது.

சரி, சாலையின் தென்கோடியிலிருந்து ஆரம்பியுங்கள். குழந்தைகள் பூங்காவில் ஒருவர் நிற்கிறார், பெரும்பாலானவர்கள் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. அவர்தான் டூப்ளே. புத்தகங்களில் துய்ப்ளே என்று எழுதுவார்கள், ஊரில் டூப்ளேதான். 1742 முதல் 1754 வரை இங்கே கவர்னர். தென்னிந்தியாவையே பிரெஞ்சுக்காரர் கைக்குள் கொண்டுவர முடியும் என்று நம்பி, ஆற்காடு நவாப் பதவிக்கான சண்டையில் தலையிட்டவர். கம்பெனி அவரைத் திருப்பி அழைத்துக்கொண்டது, 1763-ல் பாரிஸில் கடனோடு செத்தார். அவருக்குச் சிலை வைக்க வேண்டும் என்று இங்கே தோன்றியது 1870-ல்தான், செத்து நூறு வருடம் தாண்டி. முதலில் வைத்தது கடற்கரையின் நடுநாயகமான இடத்தில், நான் மேலே சொன்ன செஞ்சித் தூண்களுக்கு நடுவே. பிரெஞ்சுக்காரர்கள் போன பிறகு அங்கிருந்து கிளப்பி, இடையில் வேறு இடம் பார்த்து, கடைசியில் இந்த ஓரத்துக்கு வந்து சேர்ந்தார். குழந்தைகளுக்கு ஒரு கணக்கு சொல்லுங்கள், மறக்கவே மாட்டார்கள்: டூப்ளே ஊரை விட்டுக் கிளம்பியது 1754, பிரெஞ்சு ஆட்சி ஊரை விட்டுக் கிளம்பியது 1954.

ஒருமுறை திருப்பாப்புலியூரிலிருந்து வந்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் இந்தச் சிலை முன்னால் நின்று, "தம்பி, இவனுக்கு எதுக்குய்யா இன்னும் சிலை?" என்று கேட்டார். நானும் சமாளிக்கப் பார்த்தேன், வரலாறு, பாரம்பரியம் என்று. அவர் விடவில்லை. கடைசியில் உண்மையைச் சொன்னேன்: "ஐயா, உடைக்கவும் மனசில்லை, நடுவுல வைக்கவும் மனசில்லை, அதான் ஓரமா வச்சிருக்கோம்." அவருக்கு அது பிடித்திருந்தது. இப்போது எல்லோரிடமும் அதையே சொல்கிறேன்.

அங்கிருந்து வடக்கே நடந்தால் கப்ஸ் கோயில். கப்புச்சின் சாமியார்களிடமிருந்து வந்த பெயர், 1855-ல் கட்டி முடித்த தேவாலயம். அதற்கு எதிரே கடலைப் பார்த்த தோட்டத்தில் வெள்ளைப் பளிங்கில் பிரெஞ்சு வீராங்கனை ஜோன் ஆஃப் ஆர்க் சிலை. பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, கேட்டிலிருந்து பார்த்துவிட்டு நகருங்கள். கொஞ்சம் தள்ளி மேரி கட்டடம், அதாவது பழைய நகராட்சி மன்றம். இதைப் பழசு என்று சொல்லி ஏமாற்றாதீர்கள். 1870 வாக்கில் கட்டிய அசல் கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்துவிட்டது, இப்போது நிற்பது அதே சாயலில் திரும்பக் கட்டி 2021-ல் திறந்தது. விருந்தாளி "எவ்வளவு நல்லா வச்சிருக்காங்க" என்று வியக்கும்போது வாயை மூடிக்கொண்டிருப்பது கஷ்டம், சொல்லிவிடுங்கள்.

இப்போது காந்தி. சிலையைச் செய்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. சென்னை மெரினாவில் பாறையைப் புரட்டுகிற உழைப்பாளர் சிலை இருக்கிறதே, அதே கைதான். இரண்டையும் பார்த்தவர்கள் தசையை, காலை எடுத்து வைக்கிற வேகத்தை ஒப்பிட்டுப் பாருங்கள், தெரியும். காந்தி கடலுக்கு முதுகைக் காட்டி ஊருக்குள் நடந்து வருகிற மாதிரி நிற்கிறார், அதனால் காலை வெயிலில் போட்டோ எடுத்தால் வெறும் கறுப்பு உருவம்தான் வரும். அதுவே நன்றாகத்தான் இருக்கும், ஆனால் முகம் வேண்டும் என்கிறவர்கள் சாயங்காலம் வர வேண்டும்.

கூட்டம் எல்லாம் காந்தியோடு நிற்கட்டும், நீங்கள் தூண்களுக்குப் போங்கள். ஒரு தூணைத் தேர்ந்தெடுத்துக் கீழிருந்து மேலே பொறுமையாகப் பாருங்கள். உப்புக்காற்று செதுக்கலைத் தின்றுகொண்டிருக்கிறது. ஓரங்கள் மழுங்கி, உருவங்களின் மூக்கும் விரலும் கரைந்து, பாதி கண்ணால் பார்த்தும் பாதி விரலால் தடவியும்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். காற்று நேராக அடிக்கிற கடல் பக்கத்தையும் ஊர்ப் பக்கத்தையும் மாறி மாறித் தொட்டுப் பார்க்கச் சொன்னால் பிள்ளைகள் அதை ஒரு விளையாட்டாகவே செய்யும். செஞ்சிக் கோட்டை 1750-லிருந்து பத்துப் பன்னிரண்டு வருடம் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது, அங்கிருந்து கற்கள் இங்கே வந்தது அந்தத் தொடர்பில்தான்.

கலங்கரை விளக்கம் பக்கத்திலேயே. 1836 ஜூலை 1 அன்று முதன்முதலாக விளக்கேற்றினார்கள், 27 மீட்டர் உயரம், 1979-ல் ஓய்வு. புது விளக்கம் தெற்கே இருக்கிறது. அவ்வளவுதான், டீ குடித்துவிட்டு வடக்கே நடங்கள்.

போர் நினைவுச் சின்னத்தில் அவசரப்படாதீர்கள். நான்கு வெள்ளைத் தூண்கள், முன்னால் தலை கவிழ்ந்து நிற்கும் சிப்பாய். நாட்டுக்காக உயிர்விட்ட பிரெஞ்சிந்தியப் போர்வீரர்களுக்கு என்று எழுதியிருக்கும். முதல் உலகப் போரில் செத்தவர்களுக்காக எழுப்பி, 1938 ஏப்ரல் 3-ல் திறந்தார்கள். அடுத்த வருடமே இரண்டாம் உலகப் போர் ஆரம்பித்துவிட்டது என்பதை இங்கே நின்று சொன்னால் கொஞ்ச நேரம் யாரும் பேச மாட்டார்கள். கேட் வழக்கமாகப் பூட்டியிருக்கும், கம்பிக்கு வெளியே நின்றுதான் பார்க்க வேண்டும். பிரெஞ்சு தேசிய தினமான ஜூலை 14-ம், முதல் உலகப் போர் முடிந்த நாளான நவம்பர் 11-ம் வந்தால் உள்ளே மாலை வைப்பதைப் பார்க்கலாம். பிரெஞ்சு தேசிய கீதம், ஜன கண மன இரண்டும் இசைக்கும், நெஞ்சில் பதக்கம் குத்திய பெரியவர்கள் விறைப்பாக நிற்பார்கள்.

அந்தப் பெரியவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். பிரெஞ்சில் சிப்பாய்க்கு அதுதான் சொல், நாக்கில் அப்படியே தங்கிவிட்டது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற குடும்பம் என்றால் சொல்தா வீடு. சின்ன வயதில் எங்கள் தெருவில் ஒரு சொல்தா தாத்தா இருந்தார், வியட்நாம் போய் வந்தவர், எங்களுக்கெல்லாம் பிஸ்கட் கொடுப்பார், போரைப் பற்றிக் கேட்டால் மட்டும் வெற்றிலைப் பெட்டியைத் தேட ஆரம்பித்துவிடுவார். இந்தச் சின்னத்தை வெள்ளைக்காரன் சமாசாரம் என்று நினைத்து ஒதுங்குகிறவர்களிடம் அவரைப் பற்றித்தான் சொல்வேன்.

அங்கிருந்து மேற்கே திரும்பினால் பாரதி பூங்கா, நடுவில் ஆயி மண்டபம். கிரேக்க, ரோமானியக் கட்டட பாணியில் வெள்ளையாக நிற்கும். புதுச்சேரி அரசு முத்திரையில் இருப்பது இதுதான். ஆயி ஒரு தாசி. அவள் மாளிகையில் விளக்கு எரிவதைப் பார்த்துக் கோயில் என்று நினைத்துக் கிருஷ்ணதேவராயர் கும்பிட்டுவிட்டார், உண்மை தெரிந்ததும் ஆத்திரத்தில் வீட்டை இடிக்கச் சொன்னார், அவளோ நானே இடித்துக்கொள்கிறேன் என்று கேட்டு வாங்கி, அந்த இடத்தில் ஊருக்குக் குளம் வெட்டினாள் என்பது கதை. ராஜாவுக்குப் பதில் அவருடைய மந்திரி என்றும் சொல்வார்கள். முந்நூறு வருடத்துக்கு மேல் கழித்து, அந்தக் குளம் இருந்த முத்திரையர்பாளையத்திலிருந்து நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்தபோது அதன் நினைவாக இந்த மண்டபம் எழுந்தது, மூன்றாம் நெப்போலியன் காலத்தில். மூன்றாம் என்பதை அழுத்திச் சொல்லுங்கள். நான் இரண்டு வருடம் வெறும் நெப்போலியன் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், "அங்கிள், அவர்தான் 1821-லயே செத்துட்டாரே?" என்றான். கூட்டத்தில் பதினெட்டு பேர்.

பூங்காவுக்கு எதிரேயே அரசு அருங்காட்சியகம். பழங்காலத் துறைமுகமான அரிக்கமேட்டில் தோண்டியெடுத்த பானை ஓடுகள், மணிகளெல்லாம் அங்கே. திங்கட்கிழமை விடுமுறை, மறந்துவிட்டால் பூட்டைத்தான் பார்க்க வேண்டும். மெரின் தெருவில் அரவிந்தர், அன்னை சமாதிக்குப் போகிறவர்கள் போனைப் பையில் போட்டுவிட்டு அமைதியாகப் போய் வாருங்கள், கைடு பேசுகிற இடம் அது இல்லை, நான் வாசலிலேயே நின்றுவிடுவேன்.

வாய்க்காலைத் தாண்டி மேற்கே வந்தால் தமிழர் பகுதி. நினைவுச் சின்னம் என்றால் சிலைதான் என்று இருக்கிறவர்களை இங்கே கட்டாயம் கூட்டி வாருங்கள், இங்கே வீடுகள்தான் சின்னம். ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் பாரதி வாழ்ந்த வீடு. 1908-ல் வந்தவர் பத்து வருடம் இந்த ஊரில் இருந்தார். குயில் பாட்டு, பாஞ்சாலி சபதம் எல்லாம் அந்தக் காலத்தவை. 1918 நவம்பரில் எல்லை தாண்டியதும் கடலூர் அருகே பிடித்து, கடலூர்ச் சிறையில் மூன்று வாரத்துக்கு மேல் வைத்திருந்தார்கள். பெருமாள் கோயில் தெருவில் பாரதிதாசன் வீடு, ரங்கப்பிள்ளை தெருவில் டூப்ளேயின் துபாஷ், அதாவது மொழிபெயர்ப்பாளரும் தரகருமான ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை. காலையில் பூங்கா ஓரத்தில் பார்த்த அந்த ஆள் எந்த நாளில் யாரிடம் என்ன பேசினார் என்று தமிழிலேயே நாட்குறிப்பு எழுதி வைத்தவர் இவர், 1736 முதல் 1761 வரை. வீடுகள் எப்போதும் திறந்திருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள், முன்கூட்டி விசாரித்துவிடுங்கள்.

வழி கேட்கும்போது ஒரு எச்சரிக்கை. இந்திரா சிலை, ராஜீவ் சிலை, அண்ணா சிலை என்று ஆட்டோக்காரர் சொல்வது சிக்னலின் பெயர், பார்க்க வேண்டிய இடம் என்று நினைத்து இறங்கிவிடாதீர்கள். நான் சொல்ல ஆசைப்படுவதும் யாரும் கேட்காததும் ஒன்று உண்டு: 1936 ஜூலை 30 அன்று சவானா மில் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சுப் போலீஸ் சுட்டதில் 12 பேர் செத்தார்கள். அடுத்த வருடமே எட்டு மணி நேர வேலைக்குச் சட்டம் வந்தது. வருடா வருடம் அந்த நாளில் தொழிற்சங்கங்கள் அஞ்சலி செலுத்தும். கூட்டத்தில் யாராவது மில் வேலை பார்த்தவர் இருந்தால் இதைச் சொல்லாமல் அனுப்பாதீர்கள்.

மதியத்துக்கு மேலும் தெம்பு இருந்தால் கீழூர். வில்லியனூர் தாண்டிப் போக வேண்டும். பிரெஞ்சிந்தியா இந்தியாவோடு சேருவதா வேண்டாமா என்று 1954 அக்டோபர் 18 அன்று மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் அங்கே கூடி ஓட்டுப் போட்டார்கள், 170 பேர் சேரலாம் என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது, சட்டப்படி எல்லாம் முடிய 1962 ஆகஸ்ட் 16 ஆயிற்று. நினைவுத்தூண் இருக்கிறது, சுற்றிலும் கிராமம். ஆகஸ்ட் 16-ல் மட்டும் கொடியேற்ற அதிகாரிகள் வருவார்கள், மற்ற நாட்களில் நீங்கள் தனியாகத்தான் நிற்பீர்கள். பஸ்ஸில் போகிறவர்கள், திரும்புகிற வண்டி எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே கண்டக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.