புல்லியை மாற்றும் முன்: ஃபேன் காற்றைக் கூட்டுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் கோவைக்கு வெளியே ஒரு ஃபவுண்டரியிலிருந்து கூப்பிட்டார்கள், ஃபெட்லிங் ஷெட்டில் (வார்ப்புகளைத் தேய்த்துச் சுத்தம் செய்யும் இடம்) தூசி இழுக்கும் ஃபேன் சரியாக இழுக்கவில்லை என்று. நான் போய்ச் சேர்வதற்குள், புதிதாக வேலைக்குச் சேர்ந்த தம்பி ஒருவர் லேத் பட்டறையில் பெரிய மோட்டார் புல்லி (பெல்ட் ஓடும் சக்கரம்) ஒன்றுக்குத் துளை போட்டு, கீவே (ஷாஃப்டோடு பூட்டும் காடி) வெட்டி, கையில் தூக்கிக்கொண்டு நின்றார். "இதைப் போட்டா இழுத்துரும்ணா." பல வருஷத்துக்கு முன்னால் நானும் இப்படி ஒரு புல்லியோடு நின்றவன்தான், அதனால்தான் இதை எழுதுகிறேன். கிரீஸ் அடி, நட்டை முறுக்கு, பெல்ட் கார்டு போடு என்பதெல்லாம் இதில் இல்லை.

காற்று குறைந்ததும் வேகத்தைக் கூட்டுவது

அன்றைக்கு என் ஃபேனுக்கு 15 எச்.பி. மோட்டார், 1440 ஆர்.பி.எம். மோட்டார் புல்லி 6 இன்ச், ஃபேன் புல்லி 8 இன்ச், அதாவது ஃபேன் 1080-ல் ஓடியது. ஹூட்டில் (தூசியை உள்ளே இழுக்கும் வாயில்) இழுவை இல்லை, தூசி அப்படியே நிற்கிறது. டாங் டெஸ்டர் (கரண்டை அளக்கும் மீட்டர்) போட்டுப் பார்த்தால் 11 ஆம்ப்ஸ். மோட்டாரின் முழு லோடு 20-க்குப் பக்கம். அட, பாதிதானே எடுக்கிறது, இன்னும் இடம் இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேனே தவிர, ஏன் இவ்வளவு குறைவாக எடுக்கிறது என்று யோசிக்கவில்லை. மோட்டாரில் 7 இன்ச் புல்லி போட்டேன். வேகம் 1260 ஆனது, ஆம்ப்ஸ் 16-க்கு ஏறியது, இழுவையும் கொஞ்சம் கூடியது. மேனேஜர் டீயும் வடையும் வாங்கித் தந்தார்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை டக்டை (தூசிக் காற்று போகும் குழாயை) திறந்து சுத்தம் செய்திருக்கிறார்கள். ஒரு எல்போவில் (குழாய் வளைவில்) பாதிக்கு மேல் மணல் அடைத்துக் கிடந்ததாம். திங்கட்கிழமை காலையில் ஃபேனைப் போட்டதும் 24 ஆம்ப்ஸ், ரிலே (லோடு கூடினால் மோட்டாரை நிறுத்தும் சாதனம்) டிரிப். மறுபடி போட்டால் மறுபடி டிரிப். ஷிஃப்டில் இருந்தவர் ரிலே செட்டிங்கைக் கடைசி வரை திருப்பிவிட்டுப் போய்விட்டார். சாயங்காலம் ஷெட் முழுக்க வார்னிஷ் கருகிய நாற்றம். இதில் கொடுமை என்னவென்றால், டக்டைச் சுத்தம் பண்ணியதால்தான் மோட்டார் போச்சு என்று கிளீனிங் ஆட்களுக்குத்தான் திட்டு விழுந்தது. நானும் வாயைத் திறக்கவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் என் மேலேயே எரிச்சலாக வருகிறது.

நடந்தது இவ்வளவுதான். இந்த மாதிரி ரேடியல் பிளேடு ஃபேனில் காற்று எவ்வளவு போகிறதோ அவ்வளவுதான் மோட்டாருக்கு லோடு. டக்ட் அடைத்துக்கொண்டால் தள்ளுவதற்குக் காற்றே இல்லை, ஆம்ப்ஸ் இறங்கிவிடும். அந்த 11 'இடம் இருக்கிறது' என்று சொல்லவில்லை, 'எங்கேயோ அடைத்திருக்கிறது' என்று சொன்னது. அப்புறம் புல்லிக் கணக்கு: வேகத்தை 17 சதவீதம் கூட்டினால் காற்றும் 17 சதவீதம்தான் கூடும், அழுத்தம் 36 சதவீதம் கூடும், ஆனால் பவர் 59 சதவீதம் ஏறும், ஏனென்றால் அது வேகத்தை மூன்று தடவை பெருக்கிய கணக்கில் (1.17 × 1.17 × 1.17) போகிறது. அடைப்பு இருந்தவரை அந்த 59 தெரியவில்லை, எடுத்த அன்றைக்குத் தெரிந்துவிட்டது. வி.எஃப்.டி. (மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ்) இருக்கிறதே என்று 50 ஹெர்ட்ஸை 55 ஆக்குகிறவர்களுக்கும் இதே கதைதான், அதில் 33 சதவீதம்.

அதனால் புல்லியைத் தொடும் முன் இரண்டு அளவு எடுங்கள்: ஆம்ப்ஸ் ஒன்று, ஃபேன் காற்றை இழுக்கும் வாய்க்குப் பக்கத்தில் டக்டில் சிறு ஓட்டை போட்டு இழுவை அழுத்தம் ஒன்று. பிளாஸ்டிக் டியூபை யூ வடிவத்தில் வளைத்து, சாயத் தண்ணீர் ஊற்றி, பக்கத்தில் ஒரு ஸ்கேலைக் கட்டினால் போதும். இழுவை அதிகம், ஆம்ப்ஸ் குறைவு என்றால் ஃபேனுக்கு முன்னால் டக்டிலோ ஃபில்டர் பையிலோ அடைப்பு. இழுவை குறைவு, ஆம்ப்ஸ் அதிகம் என்றால் பக்கத்திலேயே டக்டில் ஒரு கதவு திறந்து கிடக்கிறது. இரண்டுமே குறைவு என்றால் பெல்ட் வழுக்குகிறது, இம்பெல்லர் (ஃபேனுக்குள் சுற்றும் பிளேடு சக்கரம்) தேய்ந்திருக்கிறது, இல்லாவிட்டால் வெளியே தள்ளும் பக்கம் அடைப்பு. அதிகம், குறைவு என்பதெல்லாம் ஃபேன் நன்றாக ஓடிய நாளோடு ஒப்பிட்டுத்தான். அந்த இரண்டு எண்ணையும் ஹவுசிங் (ஃபேனின் வெளிக்கூடு) மேலேயே பெயின்டில் எழுதி வையுங்கள்.

போன வாரத் தம்பியின் ஃபேனில் நல்லவேளை யாரோ எழுதி வைத்திருந்தார்கள். இழுவை, அதாவது டியூபில் தண்ணீர் மட்ட வித்தியாசம், 140 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் 210. எல்போவைக் கழற்றினோம்: பாதி மணல், நடுவில் ஒரு தோல் கையுறை. லேத்காரர் புல்லியைத் திரும்ப எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார், கீவே வெட்டியாகிவிட்டதாம்.

கரண்ட் மிச்சம் என்று வேகத்தைக் குறைப்பது

40 ஹெர்ட்ஸில் ஓட்டினால் பவர் பாதியாகும், உண்மைதான். சுத்தமான காற்றை வெளியேற்றும் ஃபேன் என்றால் தாராளமாகச் செய்யுங்கள். தூசி டக்டில் காற்று விநாடிக்கு 18 முதல் 20 மீட்டர் வேகத்திலாவது ஓட வேண்டும், இல்லாவிட்டால் தூசி அங்கேயே படிந்துவிடும். மேலே சொன்ன எல்போ மணல் வேறு எப்படி வந்தது என்று நினைக்கிறீர்கள்?

சுற்றும் திசை

ஃபேஸ் மாறி எதிர்ப்பக்கம் சுற்றினாலும் சென்ட்ரிஃபியூகல் ஃபேன் (காற்றைச் சுழற்றி வெளிப்பக்கமாகத் தள்ளும் ஃபேன்) அதே வாய் வழியாகத்தான் காற்று தரும், குறைவாக. அம்புக்குறியைப் பாருங்கள்.

டேம்பரை மூடி ஸ்டார்ட் செய்வது

டேம்பர் என்பது டக்டில் காற்றை அடைக்கும் தட்டு. அதை மூடி ஸ்டார்ட் செய்வது சென்ட்ரிஃபியூகலுக்குச் சரி. ஆக்சியல் ஃபேனுக்கு (மேஜை ஃபேன் மாதிரி நேராகத் தள்ளுவது) நேர்மாறு. மூடினால் லோடு ஏறும்.

நான்கு பெல்ட்டில் ஒன்றை மட்டும் மாற்றுவது

புதியது ஒன்றே முழு லோடையும் இழுத்து முதலில் அறும். மாற்றினால் செட்டாக.

சூடான காற்றுக்கான ஃபேனைக் குளிர்ந்த காற்றில் சோதிப்பது

200 டிகிரியில் காற்றின் எடை, 30 டிகிரியில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். காலையில் அடுப்பு பற்றவைக்கும் முன்னால் டேம்பரை முழுக்கத் திறந்து ஓட்டிவிட்டு, ஆம்ப்ஸ் எகிறுகிறதே என்று எனக்கு போன் பண்ணாதீர்கள்.