கோபம் தலைக்கு ஏறிய பிறகு தியானமா?

யாங்கோன்காரர்களுக்குத் தியானம் புதிதில்லை. விபாசனா தியானம் கற்பித்த பௌத்தத் துறவி மகாசி சயாடோவின் மையம் இங்கேதான் இருக்கிறது. அரசின் தலைமைக் கணக்கு அதிகாரியாக இருந்த ஊ பா கின் 1952இல் தொடங்கிய மையமும் இங்கேதான். அக்கம்பக்கத்துப் பர்மியர்களைப் பார்த்து நம் தமிழ் ஆட்களும் பத்து நாள் முகாமுக்குப் போய் வருகிறார்கள். நல்லதுதான். ஆனால் முகாம் முடித்து வந்த கையோடு, கோபக்காரர் யாரைப் பார்த்தாலும் "கண்ணை மூடி உட்காருங்க, சரியாகிடும்" என்று சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள்.

சண்டை உச்சத்தில் இருக்கும்போது இதைச் சொல்வதில் பயனில்லை. மூளைக்குள் அமிக்டலா என்ற சின்னப் பகுதி ஆபத்தை மோப்பம் பிடித்த நொடியிலேயே அட்ரினலின் சுரந்துவிடும். மன அழுத்த ஹார்மோனான கார்டிசால் மெதுவாக ஏறி, உச்சத்துக்கு வர இருபது முப்பது நிமிடம் எடுத்துக்கொள்ளும். "பொறு, அடிக்காதே" என்று தடுக்க வேண்டியது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளை. மன அழுத்தம் கூடினால் முதலில் தளர்வது அதுதான். தூக்கம் கெட்டால் இன்னும் மோசம். இங்கே தூக்கம் எங்கே ஒழுங்காக இருக்கிறது? நடுராத்திரி கரண்ட் வந்தால் எழுந்து தண்ணீர் மோட்டார் போட வேண்டும். 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவையை அறிவித்ததிலிருந்து, வயதுப் பையன் இருக்கும் வீட்டில் யாரும் நிம்மதியாகக் கண் மூடுவதில்லை. இதோடு குடியும் சேர்ந்தால், மிச்சம் இருக்கும் தடுப்பும் போய்விடும்.

அப்படிப்பட்ட மூளையை அந்த நிமிடத்தில் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ளச் சொன்னால் எப்படிக் கற்கும்? அப்போது செய்யக்கூடியது இடத்தை விட்டு நகர்வதுதான். மாடிப்படி இறங்கி அரை மணி நேரமாவது வெளியே இருங்கள். தியானத்தைச் சண்டையில்லாத நாட்களில் பழக வேண்டும். தினமும் பத்து நிமிடம், மூச்சை மெதுவாக்கி, நிமிடத்துக்கு ஆறு மூச்சு அளவில் விட்டுப் பழகினால், கோபம் வரும் நாளில் உடம்புக்கு அந்த வழி தெரிந்திருக்கும்.

"மனசுல உள்ளதைக் கத்திக் கொட்டித் தீர்த்துடு" என்பது இன்னொரு பழைய யோசனை. 150க்கும் மேற்பட்ட ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து 2024இல் வெளியிட்டார்கள். கொட்டித் தீர்ப்பதால் கோபம் குறைவதாக அதில் தெரியவில்லை. உடம்பின் படபடப்பை இறக்கும் மூச்சுப் பயிற்சி, தியானம் போன்றவைதான் உதவின. கோபத்தைத் தணிக்க ஓடப் போவதும் பலன் தரவில்லை. இதயத்துக்கு ஓட்டம் நல்லது, அது வேறு கதை.

எட்டு வாரம் தியானம் செய்தால் மூளையின் அமைப்பே மாறிவிடும் என்ற பேச்சையும் அப்படியே நம்ப வேண்டாம். 2022இல் இருநூறுக்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ஆய்வில் அப்படி எந்த மாற்றமும் தெரியவில்லை. மன அழுத்தம் குறைவது உண்மை. ஆனால் மாத்திரை போட்டதுபோல் உடனே கேட்காது. மண்டலேயில் பிறந்து, பின்னாளில் விபாசனா ஆசிரியரான எஸ். என். கோயங்கா, தீராத ஒற்றைத் தலைவலியோடு ஊ பா கினிடம் போனார். தலைவலிக்காக மட்டும் வருவதானால் வேண்டாம் என்று ஊ பா கின் முதலில் மறுத்ததைக் கோயங்காவே பலமுறை சொல்லியிருக்கிறார்.

இவற்றையெல்லாம்விட எனக்கு எரிச்சலூட்டும் தவறு ஒன்று உண்டு. கணவன் அடிக்கிறான் என்று ஒரு பெண் வந்து சொன்னால், "நீ தியானத்துக்குப் போம்மா, பொறுமை வரும்" என்கிறார்கள் பெரியவர்கள். கையை ஓங்குகிறவன் அவன், பயிற்சி மட்டும் அவளுக்கா? அடிபடும் வீட்டில் அவள் மூளை ஆபத்து என்று சொல்வது சரியான தகவல். அதை அமைதிப்படுத்தினால் அவள் இன்னும் கொஞ்ச நாள் அங்கேயே இருப்பாள், அவ்வளவுதான். அவளுக்கும் பிள்ளைகளுக்கும் முதலில் வேண்டியது பாதுகாப்பான இடம். அண்ணன் வீடோ, அத்தை வீடோ, எதுவானாலும் சரி. அவன் திருந்த நினைத்தால் அவன் போய் உட்காரட்டும், குடியையும் விடட்டும். முகாமுக்குப் போய் வந்தான் என்பதற்காக உடனே சமாதானம் பேசி அவளைத் திருப்பி அனுப்பாதீர்கள்.

2025 மார்ச் 28 நிலநடுக்கத்தில் மண்டலே, சகாயிங் பக்கம் இடிபாட்டைப் பார்த்தவர்களையும் எடுத்த எடுப்பில் பத்து நாள் மௌன முகாமுக்கு அனுப்ப வேண்டாம். நாளுக்குப் பத்து மணி நேரம் கண் மூடி உட்கார்ந்தால் அடக்கி வைத்த காட்சிகள் திரும்பி வந்து ஆளை உலுக்கிவிடலாம். அவர்கள் கண்ணைத் திறந்தே வைத்து, பாதம் தரையில் படுவதைக் கவனித்தபடி ஐந்து நிமிடம் மெல்ல நடக்கட்டும். முகாமுக்குப் போயே ஆக வேண்டும் என்றால், நடந்ததை ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டிருந்தால் முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டும்.